இரண்டாவது மேஜர் எது? அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விழாவில் சாப்பாட்டுத் தட்டோடு வரிசையில் நின்றபோது உங்களில் மூன்று பேர் என்னைக் கேட்டீர்கள்: "பொண்ணு லா ஸ்கூல் போகணும்கிறா. பொலிட்டிகல் சயின்ஸ் எடுத்தாச்சு. இரண்டாவது மேஜரா என்ன எடுக்கலாம்?" லா ஸ்கூலுக்கு முன் படிக்கும் இளங்கலையின் முதன்மைப் பாடத்தைத்தான் மேஜர் என்கிறோம். பதிலையும் நீங்களே கையோடு வைத்திருந்தீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ்! லா கிடைக்காவிட்டாலும் வேலை கிடைக்குமாம்.

நானும் மகளிடம் அப்படித்தான் பிடிவாதம் பிடித்தேன். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸில் சி பிளஸ் வந்தது. "திரும்பப் படித்து மாத்திக்கலாம்மா" என்றேன், விவரம் தெரியாமல்.

வழக்கறிஞர் சங்கமான அமெரிக்க பார் அசோசியேஷன், லா ஸ்கூலுக்கு இன்ன மேஜர்தான் படிக்க வேண்டும் என்று எதையும் பரிந்துரைப்பதில்லை. சேர்க்கையில் பெரிய கனம் ஜிபிஏ என்னும் கல்லூரி மதிப்பெண் சராசரிக்கும், எல்சாட் என்னும் நுழைவுத் தேர்வுக்கும்தான். அந்த ஜிபிஏவை, லா ஸ்கூல் விண்ணப்பங்களைக் கையாளும் எல்எஸ்ஏசி என்ற அமைப்பு தன் கணக்கில் புதிதாகப் போடுகிறது. ஏ பிளஸுக்கு 4.33, சி பிளஸுக்கு 2.33. பள்ளியில் இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் படித்த பாடமும் அதில் சேரும். கல்லூரி பழைய மதிப்பெண்ணைத் தள்ளிவிட்டாலும், அது பட்டியலில் தெரிந்தால் இங்கே பழையதும் புதியதும் இரண்டுமே கணக்கு.

பேட்டன்ட் சட்டம் மட்டும் வேறு. கண்டுபிடிப்புகளுக்கான பேட்டன்ட் வழக்கறிஞராகப் பதிவுத் தேர்வு எழுத அறிவியல், பொறியியல் பின்னணி கேட்பார்கள். அந்த ஆசை பிள்ளைக்கு இருந்தால் சரி. நமக்கு இருந்து என்ன பயன்?

மகள் கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டுவிட்டு பிலாசபி எடுத்தாள். வீட்டில் ஒரு வாரம் சமையலறையில் பாத்திரச் சத்தம் மட்டும்தான். அப்புறம் ஒரு நாள் போனில் நான், "வக்கீல்கள் நிறைய பேர் பொலிட்டிகல் சயின்ஸ் படிச்சவங்க, அதனால அதுவே போதும்" என்றேன். "அப்பா, மழை பெய்தா ரோடு நனையும். ரோடு நனைஞ்சிருந்தா மழைதானா? பக்கத்து வீட்டு ஸ்பிரிங்க்ளரா இருக்கக் கூடாதா?" என்றாள். லாஜிக் வகுப்பில் அந்த வாரம் நடத்திய பாடமாம். 2024 ஆகஸ்ட் முதல் எல்சாட்டில் லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதி கிடையாது. மதிப்பெண் உள்ள மூன்று பகுதிகளில் இரண்டு, இப்படி வாதத்தில் ஓட்டை தேடுகிற வேலைதான்.

பிலாசபிதான் எடுக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. வரலாறோ பொருளாதாரமோ, யாரும் சொல்லாமலே உங்கள் பொண்ணு எதைப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று பாருங்கள். இந்த செமஸ்டரில் ஒரு பாடம் கையை விட்டுப் போகிறதென்றால், விலகுவதற்கான கடைசித் தேதியை இன்றே பார்க்கச் சொல்லுங்கள். பாடத்திலிருந்து விலகியதைக் காட்டும் சாதாரண டபிள்யூ (W) எல்எஸ்ஏசியின் ஜிபிஏவில் சேராது. சி பிளஸ் சேரும்.

அன்புடன்,
வரிசையில் உங்களுக்கு முன்னால் நின்ற ஒரு அப்பா