இன்னும் நாலு கிளாம்ப் வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

கிடார் மேற்பலகையின் இரண்டு பாதிகளையும் ஒட்டிவிட்டு மறுநாள் கிளாம்பைக் கழற்றியதும் ஒரு முனையில் நடுக்கோடு வாய் பிளந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். இன்னும் நாலு கிளாம்ப் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். வாங்காதே. இருப்பதே அதிகம்.

விளிம்பில் இடைவெளி இருந்தால் கிளாம்ப் அதை நெருக்கி மூடிவிடும், உண்மைதான். கழற்றிய நொடியிலிருந்து மரம் பழையபடி விலகப் பார்க்கும். அந்த இழுப்பைத் தாங்க 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகையில் ஒரு பசைக்கோடு மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பலகையையும் பிறகு 3 மில்லிமீட்டருக்குக் கீழே இழைக்கப் போகிறாய். எஃகுக் கம்பி என்றால் ஆறு கம்பியும் சேர்ந்து 70 கிலோவை ஒட்டி இழுக்கும்.

ஆகவே வேலை இழைப்புளியில்தான். இரண்டு பாதியையும் புத்தகத்தை மூடுவதுபோல் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, சேர வேண்டிய விளிம்புகளை ஒன்றாகவே இழை. இழைப்புளி கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் கவலை இல்லை. ஒன்று 89 பாகையானால் மற்றது 91 பாகை, விரித்து வைத்தால் கணக்கு நேராகிவிடும். அப்புறம் இரண்டையும் விளிம்போடு விளிம்பாகச் சேர்த்து ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார். எங்காவது வெளிச்சம் கசிந்தால் பசை டப்பாவைத் தொடாதே, மறுபடி இழை. எனக்கு முதல் தடவை ஒரு சாயங்காலம் முழுக்க இதிலேயே போனது. உப்புத்தாள் போட்டால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும். அது முனைகளை உருட்டிவிடும். உன் பலகையில் நடந்ததும் அதுதான் என்று சந்தேகிக்கிறேன்.

கிளாம்புக்குப் பதில் நான் செய்வதைச் சொல்கிறேன். தட்டையான ஒரு பெரிய பலகையில் ஒரு ரீப்பரை ஆணி அடித்து நிறுத்து. பாதிகளை அதை ஒட்டி வைத்து, நடுக்கோட்டுக்கு அடியில் பென்சில் தடிமனுக்கு ஒரு குச்சியைச் செருகு. இரண்டும் கூடாரம்போல் நிமிர்ந்து நிற்கும். இப்போது எதிர்ப்பக்கம் இன்னொரு ரீப்பரை இடைவெளி இல்லாமல் அடி. குச்சியை எடுத்து, பசை தடவி, கூடாரத்தை உள்ளங்கையால் அமுக்கினால் இரண்டு விளிம்பும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு படியும். அகலத்தில் கூடுவது ஒரு மயிரிழைதான். அந்த அழுத்தம் போதும். குச்சி தடிமனாகிவிட்டால் பலகை நடுவில் உப்பிக்கொள்ளும். மேலே ஒரு நேர்க்கட்டையும் கனமான எதையாவதும் வை.

பலகைக்கு அடியிலும் மேலேயும் மெழுகுத்தாள் போட மறக்காதே. அது இல்லாமல் நான் ஒருமுறை பழைய செய்தித்தாளை விரித்தேன். மறுநாள் ஸ்ப்ரூஸ் மரத்தில் பாதித் தலைப்பு இடவலமாக ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுப்பதற்குள் பலகையின் தடிமன் பாதியாகிவிட்டது.

பசை விஷயத்தில் சண்டை போட ஆட்கள் நிறைய. விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரம் அருமையான பசை, சூடும் ஈரமும் காட்டினால் பிரித்தும் எடுக்கலாம். ஆனால் 60 பாகை செல்சியஸ் சூட்டில் வைத்திருந்து, அது உறைவதற்குள் விளிம்புகளைச் சேர்த்தாக வேண்டும். முதல் கிடாருக்கு அந்தப் பதற்றம் வேண்டாம், டைட்பாண்ட் ஒரிஜினல் என்ற மரப்பசை போதும். பிதுங்கி வரும் பசை கோடு நெடுக மெல்லிய மணிகளாக இருந்தால் சரி. ஓர் இரவு விட்டுவிடு.

பின்பலகை ரோஸ்வுட் என்றாய். அதில் இயல்பாகவே எண்ணெய் உண்டு. இழைத்த கையோடு ஒட்டு, இல்லையென்றால் அசிட்டோனால் துடைத்துவிட்டு ஒட்டு. உள்பக்கம் நடுக்கோட்டின் மேல், மரரேகை கோட்டுக்குக் குறுக்காக ஓடும்படி ஒரு மரப்பட்டையும் ஒட்டுவதால் பின்பலகை உன்னை அவ்வளவு சோதிக்காது.

பிளந்த பலகையைத் தூக்கிப் போட்டுவிடாதே. மீதியையும் பிரித்து, காய்ந்த பசை துளியும் இல்லாமல் புது மரம் தெரியும்வரை இழை. பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் போகும், அகலம் இருக்கிறதா என்று கிடார் வடிவ அச்சை வைத்து முதலில் பார்த்துக்கொள். ஒட்டி முடித்து வடிவம் வெட்டும்போது மேல்முனையில் மிஞ்சும் துண்டை இரு கையாலும் பிடித்து நடுக்கோட்டில் உடை. பிளவு கோட்டை விட்டு மரத்துக்குள் ஓடினால் தைரியமாக மேலே போ. கோட்டோடு சுத்தமாகப் பிரிந்தால் அந்தத் துண்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்