ஹைபிரிட் கார் பேட்டரிக்கு வாரண்டி மறுக்கப்பட்டது குறித்துப் புகார்

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஹைபிரிட் பேட்டரியை வாரண்டியில் மாற்றித் தரவும், அதன் காற்று ஃபில்டரை சர்வீஸ் அட்டவணையில் சேர்க்கவும் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் உங்கள் நிறுவனத்தின் ஹைபிரிட் கார் ஒன்றை வைத்திருக்கிறேன். அதன் ஹைபிரிட் பேட்டரி பழுதாகிவிட்டது. வாரண்டிக் காலம் இன்னும் முடியவில்லை. ஆனாலும் "பேட்டரிக்குக் காற்று போகும் வழி தூசியால் அடைத்திருக்கிறது, இது பராமரிப்புக் குறை, வாரண்டியில் வராது" என்று சர்வீஸ் சென்டரில் கையை விரித்துவிட்டார்கள். இந்த முடிவை நான் ஏற்கவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழில்நுட்பத்தின் மேல் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. மனதாரப் பிடித்துத்தான் வாங்கினேன். நெரிசலில் ஊர்ந்து போகும்போது இன்ஜின் அணைந்து மோட்டார் மட்டும் வண்டியை இழுக்கும். அந்த அமைதியை ஒருமுறை அனுபவித்தவர்களுக்கு வேறு காரில் உட்கார மனம் வராது. பிரேக்கை மிதித்தால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வெப்பமாக வீணாகியிருக்க வேண்டிய ஆற்றலை மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்க்கிறது. அதனால்தான் பெட்ரோல் கார்கள் திணறும் நகரச் சாலையிலேயே இந்தக் கார் நல்ல மைலேஜ் தருகிறது. பிரேக் பேடும் சீக்கிரம் தேய்வதில்லை. ஒயரை மாட்டி சார்ஜ் போடும் வேலையும் கிடையாது. 1997இல் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் விற்பனைக்கு வந்ததிலிருந்து உலகம் பார்த்துப் பழகிய தொழில்நுட்பம் இது. நம்பி வாங்க வேறென்ன வேண்டும்? ஷோரூமிலும் "சாதாரண காருக்குச் செய்வதைச் செய்தால் போதும், தனியாக எதுவும் பார்க்க வேண்டாம்" என்றுதான் சொன்னார்கள்.

கோளாறு சத்தத்தில் ஆரம்பித்தது. பின்சீட்டின் ஓரத்திலிருந்து ஃபேன் வேகமாகச் சுற்றும் இரைச்சல் கேட்டது. அப்புறம், முன்பெல்லாம் சிக்னலில் அமைதியாக நிற்கும் கார், நிற்கும்போதே இன்ஜினை அடிக்கடி கிளப்ப ஆரம்பித்தது. லிட்டருக்கு 22 கிலோமீட்டர் தந்த வண்டி 17க்கு இறங்கியது. சத்தம், மைலேஜ் இரண்டையும் சர்வீஸின்போது சொன்னேன்; ஜாப் கார்டில் எழுதியும் வாங்கினேன். வண்டியைக் கழுவித் துடைத்து, ஆயில் மாற்றி, "ஏ.சி. அதிகமாகப் போடுகிறீர்கள், அதனால்தான்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள்.

இந்த ஏ.சி. விளக்கத்தை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்தக் காரில் ஏ.சி. கம்ப்ரஸர் ஹைபிரிட் பேட்டரியின் மின்சாரத்தில் ஓடுகிறது, அதனால் மைலேஜ் ஓரளவு குறையும் என்பது சரிதான். ஆனால் வாங்கிய நாளிலிருந்தே அதே ஏ.சி.யை அதே அளவில்தான் போடுகிறேன். போதாக்குறைக்கு, பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று காருக்குள்ளிருந்துதான் எடுக்கப்படுகிறது. உள்ளே குளுமையாக இருந்தால் பேட்டரிக்கு நல்லதே தவிர, கெடுதல் இல்லை.

கடைசியில் எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகுதான் பின்சீட் ஓரத்தில் பேட்டரிக்குக் காற்று போகும் துவாரத்தின் மூடியைக் கழற்றிப் பார்த்தார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். உள்ளே இருந்த சின்ன ஃபில்டரின் வலைக்கண் ஒன்றுகூடத் தெரியவில்லை. சீட் துணியின் பிசிறு, முடி, தூசி எல்லாம் சேர்ந்து சாம்பல் நிறத்தில் அப்பியிருந்தன. மெக்கானிக் நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பியதும் கம்பளித் துணி மாதிரி ஒரே படலமாக உரிந்து வந்தது. அந்த மூடியைக் கழற்ற அவருக்கு ஒரு ஸ்பேனர்கூடத் தேவைப்படவில்லை. கையாலேயே இழுத்து எடுத்தார்.

காரணத்தையும் அவரே பொறுமையாக விளக்கினார். காற்று போகாவிட்டால் பேட்டரி சூடாகும். சூடானால் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும். கண்ட்ரோல் யூனிட் பேட்டரிக்குள் போகிற, வெளியே வருகிற மின்சாரம் இரண்டையும் குறைத்துவிடும். பிரேக்கில் கிடைக்கும் ஆற்றலைச் சேர்க்க முடியாமல் போகும், மோட்டார் செய்ய வேண்டிய வேலை இன்ஜின் தலையில் விழும், மைலேஜ் குறையும். அந்தச் சூடு தொடர்ந்தால் செல்களின் ஆயுளே போய்விடும். ஆக, நான் முதலில் சொன்ன இரைச்சலும் மைலேஜ் குறைவும் இந்த அடைப்பின் அறிகுறிகள்தான். அன்றைக்கே மூடியைத் திறந்து பார்த்திருந்தால் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்வதோடு முடிந்திருக்கும்!

இந்தப் பராமரிப்பு பற்றிக் காரின் கையேட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள். படித்துப் பார்த்தேன். "துவாரத்தை மறைக்காதீர்கள்" என்று ஒரு வரி இருக்கிறது. நான் மறைக்கவில்லை, அதன் முன்னால் பையோ துணியோ வைத்ததே இல்லை. உள்ளே ஒரு ஃபில்டர் இருக்கிறது, அதை இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும் என்று சர்வீஸ் அட்டவணையில் எங்கும் இல்லை. இன்ஜின் ஏர் ஃபில்டர் இருக்கிறது, ஏ.சி. ஃபில்டர் இருக்கிறது, காரிலேயே விலை அதிகமான பாகங்களில் ஒன்றைக் காப்பாற்றும் ஃபில்டர் மட்டும் இல்லை. ஒரு சர்வீஸைக்கூட நான் வெளியில் செய்யவில்லை. எல்லாம் உங்கள் அங்கீகாரம் பெற்ற சென்டரில்தான். உங்கள் ஆட்கள் பார்க்காமல் விட்டதை என் பராமரிப்புக் குறை என்று எழுதுவது எந்த வகையில் நியாயம்?

ஆகவே பேட்டரியை வாரண்டியில் மாற்றித் தர வேண்டும். அதற்கு முன் பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு மாட்யூலின் (செல் தொகுப்பின்) அளவீட்டையும், கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் குறியீடுகளையும் எழுத்தில் தர வேண்டும். பேட்டரி முழுவதும் போய்விட்டது என்று இதுவரை வாயால்தான் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஃபில்டரை எல்லா சர்வீஸ் சென்டர்களின் அட்டவணையிலும் சேர்த்து, இதே மாடலை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் தகவல் அனுப்புங்கள். பின்சீட்டில் குழந்தைகளை, நாயை ஏற்றிச் செல்கிறவர்களின் கார்களில் இந்த அடைப்பு இன்னும் சீக்கிரமே வரும். அவர்களாவது எச்சரிக்கை விளக்கு எரியும்வரை காத்திருக்க வேண்டாம்.

உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். மறுப்பதாக இருந்தால், வாரண்டி விதிகளில் எந்தப் பிரிவின்படி என்பதைக் குறிப்பிடுங்கள். அதை வைத்து நுகர்வோர் குறைதீர் அமைப்பில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: சர்வீஸ் பில்கள், ஜாப் கார்டு நகல்கள், கழற்றிய ஃபில்டரின் புகைப்படங்கள்