சென்னை ஓடுபாதை 07-இல் இறங்கும் விமானங்களுக்குத் தொடர் இறக்க முறை: கோரிக்கை மனு

அனுப்புநர்
விமான இயக்கத்திலும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டிலும் பணியாற்றியோர்,
சென்னை.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
இந்திய விமான நிலையங்கள் ஆணையம்,
ராஜீவ் காந்தி பவன், புதுதில்லி.

பொருள்: மேற்கிலிருந்து வரும் விமானங்களுக்குத் தொடர் இறக்க முறையை வழக்கமாக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

தொடர் இறக்க முறை என்பது, விமானம் இடையில் சமமட்டத்தில் பறக்காமல், எஞ்சின் விசையைக் குறைத்தபடி ஒரே சீராக இறங்கி வருவது. கீழைக்காற்று வீசும் நாட்களில் விமானங்கள் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட பகுதியைக் கடந்து ஓடுபாதை 07-இல், அதாவது ஓடுபாதையின் மேற்கு முனை வழியாக, இறங்குகின்றன. இவற்றை முன்கூட்டியே 3,000 அடிக்கு இறக்கிவிட்டால், ஓடுபாதைக்கு இட்டுச்செல்லும் 3 பாகை சரிவுப் பாதையைச் சுமார் 17 கிலோமீட்டர் தொலைவில்தான் பிடிக்க முடியும். அதுவரை சமமட்டத்தில் பறக்க எஞ்சினுக்கு விசை கொடுத்தே ஆகவேண்டும். ஏ320 ரக விமானத்துக்கு அப்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 கிலோ எரிபொருள் செலவாகும். ஐடிலில் (எஞ்சின் மிகக் குறைந்த விசையில் ஓடும் நிலையில்) இறங்கினால் மூன்றில் ஒரு பங்குதான். எரியும் ஒவ்வொரு கிலோவுக்கும் 3.16 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது.

தொடர் இறக்கத்தில் அதே விமானம் 25 கிலோமீட்டர் தொலைவில் சுமார் 4,300 அடியில் இருக்கும். அந்த உயர வித்தியாசமே தரையில் 3 டெசிபல் அளவுக்குச் சத்தத்தைக் குறைக்கும். விசை குறைவதால் கிடைப்பது தனி. பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர் மக்களுக்கு இதனால் பலனில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே எல்லா விமானங்களும் ஒரே சரிவுப் பாதைக்கு வந்துவிடுகின்றன. கடல் பக்கமிருந்து, அதே ஓடுபாதையின் மறுமுனையான 25-க்கு வரும்போது சமமட்டப் பறப்பு பெரும்பாலும் கடல்மேல் நடக்கும் என்பதால் எரிபொருள் மட்டுமே மிச்சம். ஆகவே 07-ஐ முதலில் எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

இம்முறை பெரும்பாலும் கெடுவது தகவல் இல்லாமையால்தான். ஓடுபாதைக்கு இன்னும் எத்தனை கடல் மைல் ஓட வேண்டும் என்று தெரியாத விமானி முன்னதாகவே இறங்கிவிடுவார். திடீரென்று குறுக்குவழி கொடுத்தாலோ அதிக உயரத்தில் மாட்டிக்கொண்டு ஸ்பீட் பிரேக்கை (வேகத்தைக் குறைக்க இறக்கைமேல் எழும் தகடுகளை) விரிப்பார். சத்தம் கூடும், தரையிறக்கமும் நிலைகுலையலாம். கட்டுப்பாட்டாளர் திசை மாற்றும் ஒவ்வொரு முறையும் மீதித் தூரத்தைச் சொல்வதைக் கட்டாயமாக்க வேண்டும். பிற்பகலில் கடற்காற்று எழுந்ததும் 25-இலிருந்து 07-க்கு மாற்றும் வேளையில் இது மிக முக்கியம். ஏற்கெனவே இறக்கத்தில் உள்ள விமானங்களின் தூரக் கணக்கு முழுவதும் அப்போது மாறிவிடுகிறது.

வருகைப் பாதைகளில் ஒரே உயரத்தைக் கட்டாயமாக்காமல் “இதற்கு மேல், இதற்குக் கீழ்” என்று இடைவெளி விட்டு வரையறுக்கக் கோருகிறோம். இடைவெளி மிகக் குறுகலாக இருந்தால் பின்காற்றில் வரும் கனமான விமானம் அதற்குள் அடங்காது. தாம்பரம் விமானப்படைத் தளம், அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளம் ஆகியவற்றின் வான்வெளி வரம்புகளையும் கருத்தில் கொண்டு, அத்தளங்களோடு கலந்து பேசியே இதை முடிவு செய்ய முடியும். போக்குவரத்து குறைந்த பின்னிரவில் தொடங்குவது எளிது.

அவசியமில்லாமல் 2,000 அடிக்கு மேலேயே சக்கரங்களை இறக்க வேண்டாம் என்று விமான நிறுவனங்களுக்கு அறிவுறுத்தினால் சோமங்கலம், மணிமங்கலம் பகுதிகளில் இரைச்சல் குறையும். ஆனால் 1,000 அடிக்கு இறங்குவதற்குள் விமானம் நிலைப்பட (வேகமும் இறக்கமும் சீராக) வேண்டும் என்ற விதியைத் தளர்த்தக் கூடாது; இறுதி முடிவு கேப்டனுடையதாகவே இருக்கட்டும்.

பிரிட்டனில், குறித்த உயரத்துக்குக் கீழே 2.5 கடல் மைலுக்கு மேல் சமமட்டத்தில் பறந்தால் அதைத் தொடர் இறக்கமாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. சென்னையின் ரேடார் பதிவுகளையும் இதே அளவுகோலால் அளந்து, ஓடுபாதை வாரியாக மாதந்தோறும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்