அந்தக் கதையை மறுபடி பகிர விடுங்கள்: வாசகர் குழு நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

குழுவை நடத்தும் நண்பர்களுக்கும், கூடவே வாசிக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் நம் குழுவில் ஒரு தோழி பகிர்ந்த சிறுகதைக்காக அவரையே பலர் விசாரித்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்று இரவு விழித்திருந்தவர்கள் அப்போதே பார்த்தீர்கள். மற்றவர்கள் மறுநாள் மேலே தள்ளிப் படித்திருப்பீர்கள். அதனால் ஆதியோடந்தமாகச் சொல்லப் போவதில்லை. கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நீங்கள் நீக்கச் சொன்ன அந்தச் சிறுகதையை மறுபடி பகிர விடுங்கள். கதையைப் பற்றிப் பேசலாம், எழுதியவருடைய வீட்டை விசாரிக்கக் கூடாது என்று குழுவில் ஒரு விதி எழுதி வையுங்கள்.

எழுதிய தோழியிடம் கேட்டுவிட்டுத்தான் இந்த மடலை எழுதுகிறேன். அவர் பெயரை நான் எங்கும் சொல்லவில்லை. பதில் எழுதுகிறவர்களும் தயவுசெய்து சொல்ல வேண்டாம்.

கதை இதுதான். மறதி நோய் முற்றிய அப்பா, அவரைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் மகள். மகளே ‘நான்’ என்று சொல்லிக்கொண்டு போகிறாள். ஒரு சாயங்காலம் அவரை அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, வாசற்படியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே அவர் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்.

அந்தக் கதையைப் படித்து முடிக்க எப்படியும் கால் மணி நேரம் ஆகும். முதல் கண்டனம் நான்காவது நிமிடம் வந்தது. இரண்டு மணி நேரத்தில் 63 செய்திகள். நான் உட்கார்ந்து எண்ணினேன். கதையைப் பற்றிப் பேசியவை நான்கு. மீதி எல்லாம் அவரைப் பற்றி. “அப்பா இப்போ எப்படி இருக்கார்?” என்று ஒருவர் அக்கறையாகத்தான் ஆரம்பித்தார். அடுத்தவர், “பெத்த அப்பாவைப் பூட்டி வைக்க எப்படிம்மா மனசு வந்தது?” என்று கேட்டார். இன்னொருவர் முதியோரைக் கொடுமைப்படுத்தினால் சட்டத்தில் என்ன தண்டனை என்று எடுத்துப் போட்டார். யாரோ அந்தத் தாழ்ப்பாள் போடும் பத்தியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளியே அனுப்ப, அது கைமாறிக் கைமாறி அவருடைய உறவினர்களின் குடும்பக் குழுவுக்கே போய்ச் சேர்ந்தது.

இரவு பதினொன்றரை மணிக்கு அவர் ஒரே ஒரு வரி எழுதினார். “எனக்கு மூன்று வயதாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார்.”

அவரை எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். அப்பாவைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. மறுநாள் போனில் சொன்னார்: “அப்பா முகமே எனக்கு ஞாபகம் இல்லக்கா. வயசாகியிருந்தா எப்படி இருந்திருப்பார்னு எழுதிப் பார்த்தேன். நரை, தள்ளாட்டம், மறதி, அவர் மேல எனக்கு வர்ற எரிச்சல், எல்லாத்தோடயும் ஒரு அப்பா வேணும்போல இருந்தது.” வாழக் கிடைக்காத முதுமையை ஒரு மகள் தன் அப்பாவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். நாம் அதைக் குற்ற ஒப்புதலாகப் படித்தோம். கடைசியில், இத்தனை காலம் யாரிடமும் எடுத்துக் காட்டாத அந்தச் சாவை, தான் குற்றம் செய்யவில்லை என்பதற்குச் சான்றிதழாக 600 பேர் முன்னால் அவர் வைக்க வேண்டியதாகிவிட்டது. எழுத வந்த ஒருவரிடம் நாம் வாங்கிக்கொண்டது இதை.

அதோடாவது விட்டோமா? அந்த வரிக்கு அடியிலேயே ஒரு பதில் வந்தது. “அப்போ அனுபவமே இல்லாம எழுதினதா? நிஜமாவே கவனிச்சுக்கிறவங்களுக்கு இது அவமானம்.” அதுவரைக்கும் நடந்தது என்பதற்காகத் திட்டு. அதற்குப் பிறகு நடக்கவில்லை என்பதற்காகத் திட்டு. நடந்திருந்தால் கொடுமைக்காரி, நடக்காவிட்டால் பொய்க்காரி. இந்த இரண்டுக்கும் நடுவில் கற்பனை எங்கே நிற்கும், சொல்லுங்கள். நடக்காத ஒன்றை நடந்ததுபோலவே நம்பவைப்பதுதான் கதை எழுதுகிறவருடைய வேலை. அவர் அதைச் செய்து காட்டினார். நன்றாகச் செய்ததற்காகவே அடி வாங்கினார்.

நிர்வாகிகளே, மறுநாள் காலையில் நீங்கள் எடுத்த முடிவு எனக்கு இன்னும் ஆறவில்லை. சர்ச்சை வேண்டாம், குழுவின் அமைதி முக்கியம், கதையை எடுத்துவிடுங்கள் என்று எழுதினீர்கள். அவர் எடுத்துவிட்டார். அவரைக் கேட்ட கேள்விகள் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. இன்றைக்குப் புதிதாகச் சேருகிறவர் மேலே தள்ளிப் பார்த்தால் ஒரு பெண்ணைத் திட்டுவது தெரியும், எதற்காகத் திட்டினார்கள் என்பது தெரியாது. நீங்கள் காப்பாற்றிய அமைதி யாருடைய அமைதி?

குழு நடத்துவது சம்பளம் இல்லாத உழைப்பு என்று தெரியும். பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து, ராத்திரி உட்கார்ந்து நூற்றுக்கணக்கான செய்திகளைப் பார்த்து, சண்டை விலக்கி விடுகிறீர்கள். நான் படித்த நல்ல கதைகளில் பாதி இங்கே யாராவது சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். விட்டுவிட்டுப் போக மனசில்லாமல்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எழுதியவரையும் எழுதப்பட்டவரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது செல்போனோடு வந்த நோய் இல்லை. ஆங்கில எழுத்தாளர் சார்லட் பிராண்ட்டே 1847-இல் ‘ஜேன் அயர்’ நாவலைக் கரர் பெல் என்ற புனைபெயரில் வெளியிட்டார். ‘ஒரு தன்வரலாறு’ என்று தலைப்பிலேயே இருந்தது. இரண்டாம் பதிப்பை, தான் மிகவும் மதித்த நாவலாசிரியர் வில்லியம் தாக்கரேவுக்குச் சமர்ப்பித்தார். தாக்கரேயின் மனைவி மனநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். சார்லட்டுக்கு அது தெரியாது. நாவலிலோ மனநலம் குன்றிய மனைவியை வீட்டுக்குள் மறைத்து வைத்திருக்கும் ஒருவன், பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர வந்த பெண்ணைக் காதலிக்கிறான். போதாதா? இதை எழுதியவள் தாக்கரே வீட்டில் வேலை பார்த்தவள்தான் என்று லண்டனில் பேச்சுக் கிளம்பிவிட்டது. அவர்கள் இருவரும் அதற்கு முன் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூடக் கிடையாது.

ஆனாலும் சார்லட்டுக்கு ஒளிந்துகொள்ள ஒரு புனைபெயர் இருந்தது. வதந்தி அவரிடம் வந்து சேரக் கொஞ்ச நாளாவது பிடித்தது. நம் தோழிக்குக் கதைக்குப் பக்கத்திலேயே சொந்தப் பெயரும் படமும் போன் எண்ணும் இருந்தன. இந்த வித்தியாசத்தை நாம் யோசிக்கவே இல்லை. பத்திரிகைக்குக் கடிதம் எழுதிய காலத்தில் நடுவில் ஓர் ஆசிரியர் இருந்தார். கதையை விட்டு எழுதியவர் மேல் பாயும் கடிதத்தை அவர் ஓரமாக வைத்துவிட முடியும். இப்போது அந்த மேசை உங்களுடையது, நிர்வாகிகளே.

நம் மொழி இதை என்றோ யோசித்து வைத்திருக்கிறது. காதலைப் பாடும் அகத்திணையில் ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்கிறது தொல்காப்பியம். இன்னார் என்று ஒருவர் பெயரைச் சொல்லக் கூடாது. அதனால்தான் சங்க அகப்பாடல்களில் தலைவி, தோழி, செவிலி என்றே பேசுகிறார்கள். தலைவி கூற்று, தோழி கூற்று என்று பாட்டோடு குறிப்பும் வருகிறது. ‘கூற்று’ என்ற அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். பாடியவர் வேறு, பாட்டுக்குள் பேசுகிறவர் வேறு என்பதை ஒரே சொல்லில் பிரித்து வைத்துவிடுகிறது. குறுந்தொகை 25-ஆம் பாட்டில், அவன் கைவிட்டால் நான் என்ன செய்வேன், அவன் என்னோடு சேர்ந்த அன்றைக்கு அங்கே குருகு என்ற ஒரு நீர்ப்பறவையைத் தவிர யாரும் இல்லையே என்று ஒரு பெண் கலங்குகிறாள். பாடியவர் கபிலர். இது கபிலருக்கு நடந்ததா என்று நாம் கேட்பதில்லை. தினைத்தாள் போன்ற கால்களோடு ஆரல் மீனுக்காகக் காத்து நிற்கும் அந்தக் குருகைப் பற்றிப் பேசுகிறோம். கபிலருக்குத் தருகிற மரியாதையை, நம்மோடு உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணுக்குத் தரக் கூடாதா?

‘ஒரு பெண்ணுக்கு’ என்று தெரிந்துதான் சொல்கிறேன். போன வருடம் இதே குழுவில் ஒரு நண்பர் எழுதிய கதையில் ‘நான்’ ஒரு கொலை செய்கிறான். நடை பிரமாதம் என்று எல்லோரும் பாராட்டினோம், நானும்தான். யாரைக் கொன்றீர்கள் என்று அவரை எவரும் கேட்கவில்லை. கேட்காதது சரி. கொலை செய்த ‘நான்’ கற்பனை என்று புரிந்த நமக்கு, தாழ்ப்பாள் போட்ட ‘நான்’ மட்டும் ஏன் புரியாமல் போனது என்று நாம் ஒவ்வொருவரும் யோசித்தாக வேண்டும்.

வாசிக்கிற நண்பர்களுக்கு ஒன்று. இது நிஜமாக நடந்ததா என்று மனசுக்குள் ஒரு கேள்வி எழுவது தப்பே இல்லை. எனக்கும் எழுந்தது. கதை நம்மைப் பிடித்துக்கொண்டது என்பதற்கு அது அடையாளம். அதை 600 பேர் முன்னால் எழுதியவரிடம் பதில் சொல் என்று நீட்டும்போதுதான் வாசிப்பு விசாரணையாக மாறிவிடுகிறது. எழுதுகிற நண்பர்களுக்கும் ஒன்று. ‘உண்மைச் சம்பவம்’ என்று தலைப்புக்கு மேலே போட்டால் நிறையப் பேர் படிக்கிறார்கள் என்று நாமே அதைப் பழக்கிவிட்டோம். அந்தப் பழக்கத்தின் வட்டியைத்தான் அவர் கட்டினார்.

சரி, அனுபவம் இல்லாமல் எழுதினார் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அன்று நாம் பேசாமல் விட்டது இதுதான். உள்ளேயிருந்து வரும் தட்டல் முதலில் கோபமாக, விடாமல் கேட்கிறது. கை ஓய்ந்து மெதுவாகிறது. கடைசியில் இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, ஒரு தட்டு. மகள் சட்டென்று நிமிர்கிறாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வேலை முடிந்து வந்து அப்பா வாசல் கதவைத் தட்டுவது அப்படித்தான். பெண்ணின் பெயரே மறந்துபோனவருடைய கை, தன் வீட்டுக் கதவைத் தட்டும் விதத்தை மறக்கவில்லை. உள்ளே பூட்டப்பட்டிருக்கிறவர், தான் வெளியே நிற்பதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் வரக் கேட்கிறார். அவள் எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்து “வாங்கப்பா” என்கிறாள். அறையை விட்டு வெளியே வாங்க என்றா, வீட்டுக்குள்ளே வாங்க என்றா? அந்த ஒரு சொல்லை வைத்தே ஒரு மாலை முழுக்கப் பேசியிருக்கலாம்.

பெயரும் முகமும் போன பிறகும் கை பழகிய காரியங்கள் வெகுநாள் தங்கும் என்பது மறதி நோயைப் பற்றி மருத்துவர்கள் சொல்வது. அவர் மாதக்கணக்கில் தேடிப் படித்து, கவனித்துக்கொள்கிறவர்களிடம் கேட்டு, அந்த மூன்று தட்டலுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். இதுவும் அனுபவம்தான். கதையில் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. நடுவில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து போகும் பகுதி எதற்கு என்றே எனக்குத் தெரியவில்லை. நோயின் பெயரைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டதும் பிடிக்கவில்லை. இதையெல்லாம் அன்று சொல்லியிருந்தால் அவர் சந்தோஷமாகக் கேட்டிருப்பார்.

எப்படிப் பேசுவது என்று நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பட்டறை 1936-இல் தொடங்கியது. அப்படிப்பட்ட பட்டறைகள் வழியாகப் பரவிய பழக்கங்களில் ஒன்று, மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எழுதியவர் பேசாமல் இருப்பது. அதற்கு எதிராக நியாயமான வாதங்களும் உண்டு, அதை இங்கே கொண்டுவரச் சொல்லி நான் கேட்கவில்லை. கூடவே வரும் சின்னப் பழக்கம் ஒன்று போதும். ‘நீங்கள் இப்படிச் செய்தீர்களே’ என்று சொல்லாமல் ‘கதைசொல்லி இப்படிச் செய்கிறாள்’ என்று சொல்வது. இந்த ஒரு சொல் மாறியிருந்தால் அந்த 63-இல் பாதிச் செய்திகளை எழுதவே கை வந்திருக்காது.

ஆகவே, பணிவோடு மறுபடி கேட்கிறேன். கதையைப் பற்றிப் பேசலாம், எழுதியவர் வீட்டை விசாரிக்கக் கூடாது என்பதை விதியாக்குங்கள். மீறுகிற செய்தியை நீக்குங்கள், கதையை நீக்காதீர்கள். குழுவில் பகிர்ந்ததை எழுதியவரைக் கேட்காமல் வெளியே அனுப்பக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போன வாரத்துக் கேள்விகளை எடுத்துவிடுங்கள். முடிந்தால் அவரிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லுங்கள்.

கதையின் பிரதி என்னிடம் இருக்கிறது. பகிர்ந்துகொள்ள அவர் சம்மதித்துவிட்டார், திருத்தம் எதுவும் செய்யப் போவதில்லை என்றும் சொன்னார். அடுத்த மாத வாசிப்புக்கு அதை எடுத்துக்கொள்ளலாமா என்று சொல்லுங்கள். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் குழுவில் வாசிக்கிற ஒருத்தி