காலி ஃபோல்டரும் நிரம்பி வழிந்த எஸ்எஸ்டியும்

அன்புள்ள மல்லிகா,

வீட்டு சர்வரை இப்போதே அப்கிரேட் பண்ணலாமா என்று நீ கேட்டதற்கு முதலில் பதில்: இப்போதைக்குப் பண்ணாதே. ஏன் என்பதுதான் மிச்சக் கடிதம். இத்தனை நாள் பதில் போடாததற்கு மன்னிப்பெல்லாம் கேட்கப்போவதில்லை. அதற்கு முந்தைய கடிதத்துக்கு நீ போடவில்லை, கணக்கு நேராகிவிட்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று சேது சொன்னான். சொன்னது சேது என்பதால் பாதிதான் நம்பியிருக்கிறேன், மீதியை நீ எழுது.

என் சர்வர் பெட்டி உனக்குத் தெரியாததில்லை. நான்கு டிஸ்க், இரண்டிரண்டாக மிரர் (ஒன்றில் இருப்பதே மற்றதிலும்), நான்கையும் ஒரே சேமிப்பிடமாக, ஒரு 'பூல்' ஆகச் சேர்த்து ஆளும் ஃபைல்சிஸ்டம் இசட்எஃப்எஸ். சிஸ்டம் மட்டும் தனியாக ஒரு 120 ஜிபி எஸ்எஸ்டியில். பழைய வெர்ஷனுக்கு செக்யூரிட்டி அப்டேட் வருவது நின்றுபோனதால் ஒரேயடியாக இரண்டு வெர்ஷன் தாண்ட வேண்டியதாயிற்று. இன்ஸ்டாலர் எஸ்எஸ்டியைப் புதிதாக எழுதி, நான் எடுத்துவைத்திருந்த கான்ஃபிக்கை, அதாவது பழைய செட்டிங்குகளை, அதில் ஏற்றியது. சிவப்பில் ஒரு வரிகூட வரவில்லை. லாகின் திரை வந்தது, நான் தூங்கப் போனேன்.

மறுநாள் சாயங்காலம் ஃபோட்டோ ஆப்பைத் திறந்தால், "நல்வரவு! முதலில் ஓர் அட்மின் கணக்கை உருவாக்குங்கள்" என்கிறது. வருஷக்கணக்காக எங்கள் வீட்டுப் படங்களை வைத்திருக்கும் ஆப்படி! வயிற்றைக் கலக்கிவிட்டது. நெட்வொர்க் ஷேரைத் திறந்தேன். ஃபோல்டர்கள் பெயரளவில் இருக்கின்றன, உள்ளே ஒன்றுமில்லை.

இந்த இடத்தில்தான் மனுஷிக்குக் கை பரபரக்கும். அந்த அட்மின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாமா, ரீ-இன்ஸ்டால் பண்ணலாமா என்று. நம் லேப் சார் சொல்வாரே, "கையை மேஜைக்குக் கீழே வை, கண்ணால் மட்டும் பார்" என்று. அவர் புண்ணியத்தில் எதையும் தொடாமல் முதலில் டிஸ்க்குகள் தெரிகின்றனவா என்று பார்த்தேன். நான்கும் தெரிந்தன. 'இசட்பூல் லிஸ்ட்' போட்டால் பூலே இல்லை என்றது. பூலைத் திறக்கும் 'இசட்பூல் இம்போர்ட்' கட்டளையை வெறுமனே போட்டேன். பெயர் கொடுக்காவிட்டால் அது எதையும் மாற்றாது, கிடைப்பதைக் காட்டும், அவ்வளவுதான். அங்கே உட்கார்ந்திருந்தது என் பூல், நான்கு டிஸ்க்கும் 'ஆன்லைன்' என்று. கீழே ஒரு குறிப்பு: இந்தப் பூலைக் கடைசியாகப் பயன்படுத்தியது வேறொரு சிஸ்டம்.

வேறெந்த சிஸ்டம்? அதே பெட்டிதான். விஷயம் இதுதான்: ஒவ்வொரு லினக்ஸ் சிஸ்டத்துக்கும் 'ஹோஸ்ட்ஐடி' என்று ஓர் எண் உண்டு. பூலை யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பதை இசட்எஃப்எஸ் அந்த எண்ணை வைத்து டிஸ்க்கிலேயே குறித்துக்கொள்ளும். ஒரே பூலை இரண்டு மெஷின் ஒரே நேரத்தில் திறந்தால் டேட்டா நாசமாகிவிடும், அதற்கான காவல் இது. புது இன்ஸ்டால் புது எண்ணைப் போட்டுக்கொண்டது. காவல்காரன் முதலாளியையே அடையாளம் தெரியாமல் வாசலில் நிறுத்திவிட்டான்.

இதற்கு மருந்து 'இம்போர்ட்' கட்டளையோடு சின்ன எஃப் சேர்ப்பது. சின்ன எஃப், மல்லி. பெரிய எஃப் வேறு. அது பூல் திறக்கவே மாட்டேன் என்னும்போது கடைசியாக எழுதியதில் கொஞ்சத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் பின்னோக்கிப் போகும். ராத்திரியில் ஷிஃப்ட் கீ தவறுதலாக அழுந்துகிற உன் பழக்கம் எனக்குத் தெரியும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நான் முதலில் ரீட்-ஒன்லியாக இம்போர்ட் செய்தேன். எல்லாம் அப்படியே இருந்தது. அப்புறம் எக்ஸ்போர்ட் செய்து, அதாவது பூலை மூடிவிட்டு, முறையாக இம்போர்ட் செய்தேன். ஃபோட்டோ ஆப்பை ரீஸ்டார்ட் செய்ததும் பழைய படமெல்லாம் வந்துவிட்டது. ஸ்க்ரப், அதாவது பூலில் உள்ள எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும் வேலை, ராத்திரி முழுக்க ஓடி, பிழை பூஜ்யம் என்று முடிந்தது.

இதோடு முடிந்திருந்தால் உனக்குக் கடிதமே வந்திருக்காது. சேதுவுக்கு ஒரு மெசேஜ் போட்டுப் பீற்றிக்கொண்டிருப்பேன்.

சில நாள் கழித்துத் தம்பி கேட்டான், "அக்கா, குட்டி நடக்க ஆரம்பிச்ச வீடியோ உன் சர்வர்ல எங்க இருக்கு?" தேடினேன், இல்லை. அவன் போனில் இருக்கும் ஆப், படத்தை சர்வருக்கு அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்தது உறுதியானதும் போனிலிருந்து அழித்துவிடும். போன் லாகில் 'வெற்றி' 'வெற்றி' என்று வரிசையாக இருக்கிறது. சர்வரில் அப்கிரேட் செய்த நாளிலிருந்து அவன் ஃபோல்டரில் ஒரு ஃபைலும் இல்லை. நகல் பார்க்கலாமென்றால், இன்னொரு பெட்டிக்குப் போகும் நகலும் ஸ்னாப்ஷாட்டும் (அந்தந்த நேரத்து நிலையின் பதிவு) பூலிலிருந்து எடுப்பவை. பூலில் இல்லாதது அங்கேயும் இருக்காது. அவனிடம் "பார்த்துச் சொல்றேன்டா" என்று சொல்லிவிட்டு வைத்தேன். எனக்குக் குரலே எழும்பவில்லை. அது அவர்கள் வீட்டில் இன்னொரு முறை நடக்கிற காரியமில்லை.

அதே நாளில்தான் இன்னொரு பக்கம் எஸ்எஸ்டி நிறைந்துவிட்டதென்று எச்சரிக்கை வந்தது. இரண்டையும் முதலில் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. எவ்வளவு இடம் போயிற்று என்று காட்டும் 'டிஎஃப்' கட்டளையைப் போட்டால் 97 சதவீதம் நிரம்பியிருக்கிறது. எது தின்கிறதென்று 'டியூ' போட்டுக் கூட்டினால் 20 ஜிபி சொச்சம்தான் வருகிறது. மீதி 90-க்கு மேல் எங்கே போயிற்று? லாக் ஃபைல்களைச் சுருக்கினேன், வேண்டாத கன்டெய்னர் இமேஜ்களை (ஒவ்வோர் ஆப்பையும் தனித்தனி டப்பாவில் ஓட்டுவதற்கான மூல ஃபைல்களை) அழித்தேன், ஊசி முனையளவு இடம் கிடைத்தது. அழித்த பிறகும் ஏதாவது புரோகிராம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஃபைலாக இருக்கலாம், இந்த இரண்டு கட்டளையும் முரண்டு பிடித்தால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் 'எல்எஸ்ஓஎஃப்' போட்டேன். அதுவும் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. 'டியூ' மேலே தெரிகிற ஃபோல்டர்களுக்குள் நடந்துபோய்க் கூட்டும். 'டிஎஃப்' ஃபைல்சிஸ்டத்தையே கேட்கும். ஒரு ஃபோல்டரில் ஃபைல்கள் இருக்க, அதன்மேலேயே இன்னொரு டிஸ்க்கை மவுண்ட் செய்தால், அதாவது அந்த ஃபோல்டர் வழியாகத் திறந்துவைத்தால், கீழே இருப்பவை அழியாது, ஆனால் கண்ணுக்கும் தெரியாது.

ரூட்டை (எஸ்எஸ்டியின் உச்சி ஃபோல்டரை) மட்டும் வேறோர் இடத்தில் பைண்ட் மவுண்ட் செய்து, அதாவது இன்னொரு வாசல் வழியாகத் திறந்து, பார்த்தால் மேலே மூடியிருக்கும் மவுண்ட்கள் கூட வராது, அடியில் உள்ளது தெரியும். செய்தேன். தம்பியின் பெயரில் ஃபோல்டர், அதற்குள் தேதி தேதியாக, கடைசியில் குட்டியின் வீடியோக்கள். திறந்து ஓடவிட்டேன். ஓடியது. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நடந்தது இதுதான். அப்கிரேட் முடிந்து பெட்டி எழுந்தபோது பூல் இல்லை. கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கருக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை. எந்தக் கன்டெய்னர் எந்த ஃபோல்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் கம்போஸ் ஃபைலில் சுருக்க வடிவத்தில் ஒரு பாதையை எழுதியிருந்தால், அந்த ஃபோல்டர் இல்லாதபோது அதுவே ஒரு காலி ஃபோல்டரை உண்டாக்கிக்கொள்ளும், எஸ்எஸ்டியில். ஃபோட்டோ ஆப் அந்தக் காலி இடத்தைப் பார்த்துவிட்டு எனக்கு நல்வரவு சொன்னது. தம்பியின் போன் படம் அனுப்பும் வெப்டாவ் சர்வர் அதே காலி இடத்தில் வாங்கி அடுக்கிக்கொண்டே இருந்தது.

அதைவிட மோசமானது அடுத்தது. பூலை இம்போர்ட் செய்த பிறகும் வெப்டாவ் கன்டெய்னர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததல்லவா? முன்பே கிளம்பிவிட்ட கன்டெய்னருக்கு, பிறகு வந்த மவுண்ட் தெரியாது. அது அடியில் இருந்த பழைய ஃபோல்டரையே பிடித்துக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரி, உள்ளே ஒவ்வொரு படமும் பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. முன்பெல்லாம் லினக்ஸில் இசட்எஃப்எஸ், ஃபோல்டர் காலியாக இல்லாவிட்டால் மவுண்ட் செய்ய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதைத் தொல்லை என்று திட்டியிருக்கிறோம், ஞாபகமிருக்கிறதா? 2020-இல் வந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.0-இலிருந்து, இருப்பதன்மேல் அப்படியே மூடிவிடுவதுதான் இயல்பு. அந்தத் தொல்லை இருந்திருந்தால் முதல் நாளே மாட்டியிருக்கும்.

ஃபைல்களை ஆர்சிங்க் வைத்துப் பூலுக்கு நகலெடுத்து, செக்சம் (டேட்டா மாறியிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டு, தம்பியைவிட்டு ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கச் சொல்லி, அப்புறம்தான் அடியில் இருந்ததை அழித்தேன். பிறகு கன்டெய்னர்களை நிறுத்தி, பூலை எக்ஸ்போர்ட் செய்து, எஸ்எஸ்டியில் இருக்கும் அந்தக் காலி மவுண்ட் ஃபோல்டருக்கு, 'மாற்ற முடியாதது' என்ற குறியை 'சிஎச்அட்டர்' கட்டளையால் போட்டேன். இனிப் பூல் இல்லாமல் பெட்டி எழுந்தால் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசரே வந்தாலும் அதில் ஓர் எழுத்து எழுத முடியாது, எல்லாம் எர்ரர் போட்டுக் கத்தும். கத்தட்டும். கம்போஸிலும் பாதைகளை நீள வடிவத்துக்கு மாற்றி, ஃபோல்டரை நீயாக உண்டாக்காதே என்று எழுதிவிட்டேன். இந்த ஆபத்தை முன்னமே யோசித்து வைத்த புரோகிராம் ஒன்று என் பெட்டியில் ஓடுகிறது, மெஷின்களுக்கிடையே ஃபோல்டர்களை ஒரே மாதிரி வைத்திருக்கும் சிங்க்திங். தன் ஃபோல்டருக்குள் ஓர் அடையாளத்தைப் போட்டு வைத்திருக்கும், அது காணாமல் போனால் சிங்க் செய்வதையே நிறுத்திவிடும். அந்த ஒரு வாரம் அது மட்டும்தான் வாயைத் திறந்து புகார் சொல்லியிருக்கிறது, அதை யார் படித்தார்கள்!

சேதுவிடம் இதைச் சொன்னால், "இசட்எஃப்எஸ்தான் எல்லாத்துக்கும் செக்சம் வைக்குதே, அப்புறம் என்ன" என்கிறான். தன்னிடம் கொடுத்ததுக்குத்தான் அது கணக்கு வைக்கும். கொடுக்காத வீடியோவுக்கு அது என்ன செய்யும்? கொடுத்ததே தப்பாக இருந்தால்? 2023 கடைசியில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.2.0 வந்த கொஞ்ச நாளில், நகலெடுத்த சில ஃபைல்களுக்குள் டேட்டா இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பூஜ்யங்கள். டேட்டாவை மறுபடி எழுதாமலே நகலெடுக்கும் பிளாக் குளோனிங் என்ற புது வசதியின் மேல் சந்தேகப்பட்டு 2.2.1-இல் அதை அணைத்தார்கள். கடைசியில் பார்த்தால் பிழை அதற்கும் முந்தைய வெர்ஷன்களிலேயே இருந்தது, புது வசதி அதை வெளியே இழுத்துவிட்டது, அவ்வளவே. நவம்பர் முடிவில் 2.2.2-உம் 2.1.14-உம் வந்துதான் சரியானது. அந்தப் பூஜ்யங்களுக்கும் செக்சம் பிசகாமல் பொருந்தியது, ஸ்க்ரப்பும் பாஸ் போட்டது. வெளியான அன்றே அப்கிரேட் செய்கிற உன் வீரத்தை நினைத்தால் எனக்குப் பகீரென்கிறது.

சில்லறை விஷயம் ஒன்று: பழைய ஸ்கேனர் சர்வரைப் பார்க்க மறுக்கிறது. அதற்கு எஸ்எம்பி1 என்ற பழைய ஃபைல்-ஷேரிங் மொழி மட்டும்தான் பேச வரும். நெட்வொர்க் ஷேரை நடத்தும் சம்பாவில் 2019-இல் 4.11 வந்தபோதே அதை அணைத்துவிட்டார்கள், நான் தனியாக ஒரு வரி போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். புது கான்ஃபிகில் அந்த வரியைக் காணோம். திரும்பப் போடவில்லை. மெயிலில் அனுப்பட்டும்.

தம்பியோடு இப்போது ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. அனுப்பியதும் அழிக்கும் அந்த செட்டிங்கை அணைத்துவிட்டேன். போன் நிறைகிறது என்று தினமும் புலம்புகிறான். என் இன்னொரு பெட்டிக்கும் நகல் போய்ச் சேர்ந்த பிறகு கையாலேயே அழித்துக்கொள் என்றால், "அப்போ உன் சர்வர் எதுக்கு?" என்கிறான். நியாயமான கேள்விதான், எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

நீ அப்கிரேட் செய்தே தீருவாய் என்று தெரியும். குறைந்தபட்சம் இதைச் செய்: முதலில் கன்டெய்னர்கள் தானாகக் கிளம்புவதை நிறுத்து, பூலை ஒழுங்காக எக்ஸ்போர்ட் செய். எக்ஸ்போர்ட் செய்த பூல் எந்த ஹோஸ்ட்ஐடியையும் கேட்காமல் திறக்கும். பூலைப் பெயர் சொல்லி இம்போர்ட் செய்து, பழைய ஃபைல் ஒன்றைத் திறந்து பார்த்த பிறகு கன்டெய்னர்களை விடு. பழைய எஸ்எஸ்டியை அழிக்காமல் கழற்றி வை, புதியதில் போடு. அப்புறம் ஸ்டேட்டஸ் பார்க்கும்போது, புது வசதிகளை இயக்க 'இசட்பூல் அப்கிரேட்' போடு என்று அது நயமாகக் கேட்கும். போட்டுவிடாதே. போட்டால் திரும்பும் வழி கிடையாது, கழற்றி வைத்த பழைய எஸ்எஸ்டியால் உன் பூலைத் திறக்க முடியாமல் போகலாம். ஒரு மாதமாவது அந்த வரியைப் பார்த்துக்கொண்டே சும்மா இரு. உன்னால் முடியாது, இருந்தாலும் சொல்கிறேன்.

தொடங்குவதற்கு முன் உன் 'டிஎஃப்', 'இசட்பூல் ஸ்டேட்டஸ்' இரண்டின் வெளியீட்டையும் எனக்கு அனுப்பு. ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம், எழுத்தாக அனுப்பு. போன தடவை நீ அனுப்பிய படத்தில் பாதி உன் கட்டைவிரல்.

அன்புடன்,
உமா

பி.கு.: சேது வந்தால் அந்த நீல வயரைப் பற்றிக் கேட்காதே. மறுபடியும் முழுக் கதையையும் ஆரம்பிப்பான்.