மாதவிடாய் நின்ற பெண்களின் ரத்த அழுத்தம் குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்: ஈசூன் வட்டாரத்தில் வசிக்கும் தமிழ்ப் பெண்கள்
பெறுநர்: மாண்புமிகு சுகாதார அமைச்சர், சிங்கப்பூர்

பொருள்: மாதவிடாய் நின்ற வயதையும் கர்ப்பகால ரத்த அழுத்தத்தையும் ஹெல்தியர் எஸ்ஜி என்னும் குடும்ப மருத்துவர் திட்டத்தின் முதல் சந்திப்பிலேயே கேட்டுப் பதிவு செய்ய வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் காலையில் நடக்க வரும் பெண்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பலருக்கு மாதவிடாய் நின்ற சில ஆண்டுகளில் இது தெரியவந்தது. அதற்கு முன் தலைவலி, படபடப்பு, தூக்கமின்மை என்று சொன்னபோதெல்லாம், "இந்த வயசுல வர்றதுதானே" என்று வீட்டில் பேச்சு முடிந்துவிட்டது. அறிகுறியே காட்டாமல் ஏறுவதுதான் ரத்த அழுத்தத்தின் குணம். அளந்து பார்த்தால்தான் உண்டு.

மாதவிடாய் நின்று, ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறைந்ததும் ரத்தக் குழாய்கள் இறுகத் தொடங்குகின்றன. அதே அளவு உப்பு முன்பைவிட அதிகமாக அழுத்தத்தை ஏற்றுகிறது. வயிற்றைச் சுற்றி எடை கூடுகிறது. நீரிழிவு, பரம்பரை, உடலுழைப்பின்மை, மூச்சு தடைபடும் குறட்டைத் தூக்கம் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

பிள்ளை உண்டாகியிருந்தபோது பிரஷர் ஏறியவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பின் இறங்கிவிட்டதே என்று அவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் பிற்காலத்தில் ரத்த அழுத்தமும் இதய நோயும் வரும் வாய்ப்பு அவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல். எங்களில் சிலருக்குத் தலைப்பிரசவம் தஞ்சாவூரிலோ ஈப்போவிலோ தாய்வீட்டில் நடந்தது. அந்த மருத்துவச் சீட்டுகள் இங்கே எந்தக் கணினியிலும் இருக்காது. மருத்துவர் கேட்டாலன்றி இது வெளியே வராது. எங்களிடம் யாரும் கேட்டதில்லை.

2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி, 40 வயதைக் கடந்த எங்களுக்கென ஒரு குடும்ப மருத்துவரைத் தந்திருக்கிறது. அதற்கு மனமார நன்றி கூறுகிறோம். அந்த முதல் சந்திப்பில் ஒவ்வொரு பெண்ணிடமும் மாதவிடாய் நின்ற வயது, கர்ப்பகால ரத்த அழுத்தம் என்ற இந்த இரண்டைப் பற்றியும் கேட்டு, பதிலை அவரவருக்கான சுகாதாரத் திட்டத்தில் எழுதிவைக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறோம். மூத்தவர்கள் பலர் தமிழில் கேட்டால்தான் கூச்சமின்றிப் பேசுவார்கள்.

உப்பைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். 2022ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி சிங்கப்பூரர்கள் நாளுக்குச் சராசரியாக 3,620 மில்லிகிராம் சோடியம் (உப்பில் இருப்பது) உட்கொள்கிறோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு 2,000. சோயா சாஸையும் உடனடி நூடல்ஸையும் குறைக்கச் சொன்னால் எங்கள் சமையலறைக்குப் பாதிதான் பொருந்தும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் என்று பெயர் சொல்லும் தமிழ்க் கையேடு வேண்டும்.

சமூக மன்றங்களில் ரத்த அழுத்தக் கருவி வைத்து, சரியாக அளக்கவும் கற்றுத்தர வேண்டுகிறோம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பதிய, பேசாமல் அளக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. கால்மேல் கால் போட்டு, பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டே அளந்துவிட்டு, எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

தங்கள் மேலான பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
ஈசூன் வட்டாரத் தமிழ்ப் பெண்கள்