பாலுக்குச் சொந்தக்காரன் உண்டு, சாணிக்கு?

திருகோணமலை
ஆனி மாதம், ஞாயிறு காலை

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் நடைபாதையில் நீ மிதித்த குதிரை லத்தி. மிச்ச அரைப் பக்கத்தில்தான் உன் முழங்கால், மகளின் புது வேலை, இங்கிலாந்து மழை எல்லாம். நான் வாசித்துச் சிரித்த சத்தத்துக்கு மனுசி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். "அவருக்கும் பொழுது போகவில்லை, உங்களுக்கும் போகவில்லை" என்றுவிட்டுப் போய்விட்டாள்.

உன் கோபம் பிழை என்று சொல்ல மாட்டேன். புதுச் சப்பாத்து, சேறு என்று நினைத்து வைத்த கால், அதற்குப் பிறகு குதிரைக்கு மேலே இருந்தபடியே அந்தப் பெண் சொன்ன "மோர்னிங்". எனக்கென்னவோ லத்தியை விட அந்தக் காலை வணக்கம்தான் உன்னை அதிகம் சுட்டிருக்கிறது என்று படுகிறது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். உன் பாதையில் அது சொல்லுக்குச் சொல் நடந்திருக்கிறது. ஐந்நூறு கிலோ உடம்பு நாலு சின்னக் குளம்பில் நின்றால் ஈரக் களிமண் வேறு என்ன செய்யும்? குழி குழியாகத்தான் போகும். லத்தி ஒரு மழைக்குக் கரைந்துவிடும், அந்தக் குழி கோடை வரும்வரை உன் கணுக்காலுக்காகக் காத்திருக்கும். நீ முறைப்பாடு எழுதப் போவதென்றால் குழியைப் பற்றி எழுது.

ஆனால் நீ அனுப்பிய படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். கம்பத்தில் இருந்த அம்புக்குறி நீலம். மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு மட்டும், நீலம் என்றால் குதிரையும் சைக்கிளும் வரலாம் என்று முன்பொரு கடிதத்தில் எனக்குப் பாடம் எடுத்தவன் நீதான். அங்கே இருக்கிற பாதைகளில் ஐந்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் கூடத்தான் குதிரைக்குத் திறந்திருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். மற்றவை எல்லாம் உனக்கு. அவள் அந்தப் பாதையையும் விட்டால் கார் போகிற ஒடுங்கிய ரோட்டுக்குத்தான் போகவேண்டும். சரி, இதற்கு மேல் அவளுக்காக வழக்குப் பேசவில்லை.

நாய் வைத்திருப்பவன் பையோடு திரியவேண்டும், அள்ளாவிட்டால் தண்டம், குதிரைக்காரிக்கு மட்டும் ஏன் ஒன்றுமில்லை என்று கேட்டிருந்தாய். முப்பது வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவனிடம் கேட்ட கேள்வி, அதனால் பதில் கொஞ்சம் நீளும். நாய் இறைச்சி தின்கிறது. அதன் மலத்தில் வட்டப்புழுவின் முட்டை இருக்கலாம், அது மண்ணில் வருடக்கணக்கில் கிடந்து சிறுபிள்ளைகளின் கண்ணைக்கூடப் பழுதாக்கும். குதிரை தின்பது புல். மாட்டைப் போல அசைபோடுவதில்லை, வயிறும் ஒன்றுதான், நார் புளிப்பதெல்லாம் பின்குடலில். அதனால் பாதி அரைபட்ட புல்லாகவே வெளியே வருகிறது. அந்த மணம் உனக்குப் பிடிக்காமல் இருக்கலாம், நோய் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, குதிரை சிறுநீர் கழிக்க நிற்கும், லத்தி போட நிற்கவே வேண்டாம், நடந்துகொண்டே போட்டுவிடும். நாளைக்கு ஏறக்குறைய இருபது கிலோ. மேலே இருப்பவளுக்குப் பின்னால் நடப்பது தெரியவும் தெரியாது. தெரிந்தாலும் இறங்கி அள்ளிவிட்டு, பக்கத்தில் கல்லோ மதிலோ இல்லாமல் திரும்ப ஏறுவது நம் வயதில் ஆகிற காரியமா? அவளுக்கும் நம் வயது என்றுதானே எழுதியிருக்கிறாய்.

இங்கே எங்கள் கதையைக் கேள். நான் விடிய ஐந்தரைக்கு எழும்பி டச்சுக் குடாப் பக்கமாகப் போய், கோட்டை வாசலால் நுழைந்து, கோணேசர் மலை வரை நடக்கிறேன். மான்கள் நீ போன காலத்தை விடக் கூட. வாசலுக்கு உள்ளேயும் நிற்கும், வெளியே பஸ் நிலையத்துப் பக்கம் கட்டாக்காலி மாடுகளோடு சேர்ந்தும் நிற்கும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், இடையில் கொஞ்ச நாள் பிரெஞ்சுக்காரர், பிறகு வெள்ளைக்காரர் என்று எல்லோரும் வந்து பிடித்துவிட்டுப் போன கோட்டை, இப்போது காலமையில் அது மானுக்குத்தான். ஏற்றத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு போகிற இடத்தில் புழுக்கை உருளும். காய்ந்த மிளகு மாதிரி, காலில் ஒட்டாது. உள்ளங்காலுக்குப் பழகிவிட்டது. முதல் தடவை வந்த ஒரு கொழும்புக் குடும்பம் அதை மிதித்துவிட்டு அலறியதைப் பார்த்தேன். அவர்கள் கையில் இருந்த சோற்றுப் பார்சலின் பொலித்தீன் லஞ்ச் ஷீற்றைக் காற்று கொண்டுபோக, ஒரு கிடாய் அதை மென்றுகொண்டு நின்றது. பிடுங்கப் போனேன். கொம்பைக் காட்டியது, விட்டுவிட்டேன். மானுக்கு அது உள்ளே போனால் வெளியே வராது, மச்சான்.

புழுக்கை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. மாடு போட்டால் சாணி, ஆடும் மானும் போட்டால் புழுக்கை, யானையும் குதிரையும் போட்டால் லத்தி, பறவை போட்டால் எச்சம், கழுதைக்கு விட்டை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்த ஆட்கள் அதை அருவருத்திருப்பார்களா? எனக்குத் தெரிந்து கந்தளாய்ப் பக்கத்து விவசாயிகள் லத்தியை நாங்கள் பேப்பர் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், விடியப்புறம் குளக்கட்டால் மோட்டார் சைக்கிளில் போனபோது ஒரு பெரியவர் கை காட்டி மறித்தார். நடுவழியில் யானை லத்தி. புறங்கையை அதற்கு மேலே பிடித்துப் பார்த்தார். "சூடு கிடக்கு தம்பி, திரும்புங்கோ" என்றார். அரை மணித்தியாலம் அவர் வாடியில் இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனேன். யானை உண்ட விளாங்கனி என்று பள்ளியில் படித்தோமே, ஓடு முழுதாக இருக்குமாம், உள்ளே ஒன்றுமிராதாம். எத்தனையோ லத்தியைக் கிளறியிருக்கிறேன், உடைந்த ஓட்டைத்தான் கண்டேன். அதற்குள் இருந்து விளாங்கன்று முளைத்ததையும் கண்டேன், அதை எந்தப் பாட்டிலும் படித்ததாக நினைவில்லை.

எங்கள் ஒழுங்கையில் கூடையோடு வருகிற ஆச்சியை மறந்திருக்க மாட்டாய். மாடு வாலைத் தூக்கியதும் ஓடிப்போய் நிற்பா. அவவுக்கும் மூலை வீட்டு ஆச்சிக்கும் ஒரு நாள் ஒரே சாணிக்குச் சண்டை வந்து, நாங்கள் பந்து விளையாட்டை விட்டுவிட்டு மதிலில் ஏறி இருந்து பார்த்தோம். வீடு மெழுக, வறட்டி தட்ட, தென்னைக்குப் போட என்று அதற்கு வேலை இருந்தது. இப்போது வீடெல்லாம் தரை ஓடு, அடுப்பெல்லாம் காஸ். வேலை போனதும் சாணி குப்பையாகிவிட்டது. மாட்டுக்காரனும் அதைப் பிடித்துக்கொண்டான். பின்னேரம் பால் கறக்கும் நேரத்துக்கு ஆள் எங்கிருந்தோ வந்து மாட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். அதே மாடு நடுரோட்டில் படுத்து, சாணியும் போட்டு, இரவில் மோட்டார் சைக்கிள்காரன் மோதி விழுந்தால் அது கட்டாக்காலி, யாருக்கும் தெரியாத மாடு. பாலுக்குச் சொந்தக்காரன் இருக்கிறான், சாணிக்குத்தான் இல்லை. உன் குதிரைக்காரி பரவாயில்லை என்று நான் நினைப்பது இதனால்தான். அவளுக்கு முகம் இருக்கிறது. அடுத்த வியாழக்கிழமையும் அதே பாதையில் வருவாள், நீ வாயைத் திறந்து சொல்லலாம். சொன்னாயா? உன் கடிதத்தில் அது இல்லை. எனக்கு மூன்றரைப் பக்கம் எழுதியவன் அவளுக்கு ஒரு வசனம் சொல்லவில்லை.

எங்களுக்கும் போன வருடம் குதிரை வந்தது, தெரியுமா? உப்புவெளிக் கடற்கரைக்கு, வெள்ளைக்காரர் வருகிற காலம் பார்த்து, யாரோ ஒருவர் இரண்டு குதிரையைக் கொண்டுவந்து சவாரி விட்டார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். குதிரை பிடித்த பெடியனுக்குப் பதினெட்டு வயது இராது. மூன்றாம் நாளே கரைவலை இழுக்கிறவர்களோடு பிரச்சினை. காயப்போட்ட வலைக்கு மேலே குளம்பு, வலை இழுக்கிற தடத்தில் லத்தி. முதலாளி ஃபோனில், "கடல் வந்து கழுவிக்கொண்டு போகும்" என்றாராம். உங்கள் ஊர்க் கடலென்றால் போகும். எங்கள் கடலில் ஏற்றமும் வற்றும் இரண்டடி இருந்தால் பெரிது. போட்டது போட்ட இடத்தில்தான், கச்சான் காற்றில் காய்ந்து பொடியாகித் தேத்தண்ணீர்க் கடைக்குள் வரும். கடைசியில் வலைக்குச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டி பெடியனிடம் ஒரு மண்வெட்டியையும் மீன் கூடையையும் கொடுத்து, "காலமை வலை வரும்வரை குதிரை அந்தப் பக்கம், பிறகு இந்தப் பக்கம், போட்டதை நீ அள்ளு" என்றார். அவ்வளவுதான். சட்டமும் இல்லை, அம்புக்குறியும் இல்லை. மாரி தொடங்கக் குதிரைகளைக் கொண்டு போய்விட்டார்கள்.

அவன் அள்ளியதை எங்கே கொட்டுவது என்று முழித்துக்கொண்டு நின்றபோது நான் போய்ச் சேர்ந்தேன். பழக்கதோஷம். இரண்டு உரப்பையில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனுசி படலையில் நின்று, "பென்சன் எடுத்த பிறகு இதுதான் குறை" என்றாள். எங்கள் மண் உனக்குத் தெரியும், கடல் மணல், தண்ணீர் ஊற்றினால் ஊற்றிய சத்தம் அடங்குமுன் கீழே போய்விடும். அதற்கு இதைவிட நல்ல சாமான் கிடையாது. ஆனால் நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்ததை எனக்குச் செய்யவில்லை. மக்கவிடாமல், அவசரத்தில் செவ்வரத்தை அடியிலும் கத்தரிப் பாத்தியிலும் போட்டுவிட்டேன். மூன்று கிழமையில் பாத்தி முழுக்க இந்த ஒழுங்கையில் ஒருநாளும் காணாத புல். குதிரையின் குடலை விதைகள் தாண்டிவிடும் என்று வகுப்பில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! இன்னும் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே உனக்கு ஒரு யோசனை. சபையிடம் வாடகைக்கு எடுத்த தோட்டத்துண்டில் உன் மனுசி தக்காளி போடுகிறாவல்லவா? அங்கே லாய வாசல்களில் எருவைப் பையில் கட்டிச் சும்மா வைத்திருப்பார்கள் என்று எழுதியிருந்தாய். காசு கொடுத்து உரம் வாங்காமல் அதை எடு. குவித்து நனைத்து மூடிவை, உள்ளே கை வைக்க முடியாத சூடு வரவேண்டும், ஐம்பத்தைந்து பாகைக்கு மேலே போனால்தான் புல்விதை சாகும். ஓரத்தில் கிடப்பதை நடுவுக்குப் புரட்டிவிடு. ஆறு மாதம் பொறு. ஒன்று மட்டும் கவனம். மேய்ச்சல் தரையில் அகன்ற இலைக் களைக்கு அமினோபைரலிட் என்று ஒரு மருந்து அடிப்பார்கள். புல்லுக்கு ஒன்றும் செய்யாது, குதிரைக்கும் செய்யாது, வைக்கோலோடு போய் எருவில் அப்படியே இருந்து தக்காளி இலையைச் சுருட்டி எடுத்துவிடும். 2008 அளவில் உங்கள் நாட்டுத் தோட்டக்காரர் நிறையப்பேர் இதில் அடிபட்டார்கள். முதலில் ஒரு சாடியில் எருவைக் கலந்து நாலு போஞ்சி விதை போட்டுப் பார். இலை நேராக விரிந்தால் போடு, சுருண்டால் லாயக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடு.

சப்பாத்தைத் தண்ணீரில் தோய்க்காதே. காயவிட்டுக் கல்லில் தட்டு, தானாகக் கழன்றுவிடும். அடுத்த முறை குதிரை எதிரில் வந்தால் சரிவில் கீழ்ப்பக்கமாக ஒதுங்கி நின்று ஏதாவது கதை. பேசாமல் பற்றைக்குள் நிற்கிற ஆளைக் குதிரை புலி என்று நினைக்குமாம், குரல் கேட்டால்தான் மனிதன் என்று பிடிபடும். அப்படியே அவளிடமும் அந்த ஒரு வசனத்தைச் சொல்லிவிடு.

இங்கே மற்றப்படி எல்லோரும் சுகம். மூத்தவனுக்கு மூதூருக்கு மாற்றம் வந்திருக்கிறது. எனக்குச் சீனி கொஞ்சம் கூட, நடந்து குறைக்கச் சொல்கிறார்கள். நீ ஆவணியில் வருவதென்றால் முன்கூட்டி எழுது, கன்னியாவுக்கும் ஒரு நாள் போகலாம். வெறுங்காலுக்கு இப்போதே பழகிக்கொள்.

படலையடியில் ஏதோ சத்தம், எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். மாடு. செவ்வரத்தையைப் பாதி தின்றுவிட்டது, வாசலில் சாணியும் போட்டிருக்கிறது. மனுசி கூடையை எடுத்துக்கொண்டு வருகிறாள், எனக்குத்தான்.

உன் பழைய கூட்டாளி